டெல்டா பனியைப் படம் எடுத்தால் சாம்பலாகவே வருகிறது: நான்கு படங்கள், குறை சொல்லுங்கள்

வெட்டாறு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் பாபநாசம் பக்கம். அரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஒன்பது மணிக்கு ஆலையில் இருந்தால் போதும் என்பதால், மார்கழி பிறந்ததிலிருந்து விடியற்காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது பழக்கமாகிவிட்டது. கேமரா கேனான் 1500டி. அதோடு வந்த 18-55, 55-250 லென்ஸ் இரண்டும்தான் கையில் இருக்கின்றன. இப்போதைக்கு வேறு வாங்குகிற எண்ணம் இல்லை, அதனால் "முதலில் லென்ஸை மாற்றுங்கள்" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

நான்கு படங்கள் போட்டிருக்கிறேன்.

படம் 1: முற்றிய சம்பா வயல். 18 எம்.எம்., எஃப் 8, 1/250, ஐஎஸ்ஓ 200, ஆட்டோ வொயிட் பேலன்ஸ். நேரில் வெள்ளை வெளேர் என்று இருந்தது. படத்தில் அழுக்கு வேட்டி நிறம்.

படம் 2: வாய்க்கால் ஓரமாகப் போகும் சாலை, தூரத்தில் ஒற்றைப் பனைமரம். சாலையை ஒட்டி வரிசையாகக் கரண்ட் கம்பங்கள் இருந்தன. பார்க்க நன்றாக இல்லை என்று போனில் உள்ள அழிக்கும் வசதியை வைத்து எடுத்துவிட்டேன்.

படம் 3: தென்னந்தோப்புக்குள் சூரியக் கதிர்கள் இறங்குகின்றன. படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் மூட்டம் குறைக்கிற டீஹேஸ் 45, விளிம்புகளைத் தூக்கிக் காட்டுகிற கிளாரிட்டி 30, கொஞ்சம் ஆரஞ்சும் கூட்டினேன்.

படம் 4: கொள்ளிடக் கரை மேலிருந்து 200 எம்.எம். மூங்கில் தோப்புகள், பின்னால் ஒரு கோயில் கோபுரத்தின் தலை மட்டும். ஃபோகஸ் விழவே மாட்டேன் என்கிறது. லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருந்தது.

ஊட்டி, வால்பாறைப் படங்களில் பனி அடுக்கடுக்காக வருகிறது. நம் ஊரில் அப்படி எடுக்கவே முடியாதா? என்றைக்குப் பனி இறங்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா? குறையைத் தாராளமாகச் சொல்லுங்கள், வருத்தப்பட மாட்டேன்.


மின்மினி எழுதியது:

ப்ரோ, நாலுமே அருமை. மூன்றாவது படம் காலண்டரில் போடலாம். கம்பத்தை எடுத்தது நல்ல முடிவு, இடம் சுத்தமாகத் தெரிகிறது. படம் 1-க்கும் டீஹேஸ் 20 கொடுத்துப் பாருங்கள், சாம்பல் போய்விடும். மலை இல்லை என்றால் ட்ரோன்தான் வழி. மேலே ஏற்றினால் அடுக்கு தானாக வரும்.


பழைய டார்க்ரூம் எழுதியது:

தம்பி, நான்கு படங்களையும் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கும்பகோணத்தில் ஃபிலிம் காலத்திலிருந்து ஸ்டுடியோ வைத்திருந்தேன். இப்போது கல்யாண ஆல்பமெல்லாம் பையன் பார்த்துக்கொள்கிறான். காலை நேரம் எனக்குச் சும்மா கிடைக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

வால்பாறைக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அதற்குள் வந்துவிடும். வால்பாறையில் அடுக்கை மலையே போட்டுக் கொடுத்துவிடுகிறது. ஒரு முகட்டுக்குப் பின்னால் இன்னொரு முகடு, இடையில் பனி. படம் எடுப்பவருக்கு அங்கே பாதி வேலை மிச்சம். இங்கே கல்லணையிலிருந்து கடல் வரைக்கும் ஏறி நிற்க ஒரு குன்று கிடையாது. தரை சப்பட்டை. அடுக்கு வேண்டுமென்றால் நாமேதான் தேடிப்பிடித்து வரிசைப்படுத்த வேண்டும். அது முடியும். ஆனால் வால்பாறைப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு பாபநாசத்தில் தேடினால் கிடைக்காது.

பனியே வேறு. மலையில் நாம் பனி என்று சொல்வது பெரும்பாலும் மேகம் சரிவைத் தொட்டுக்கொண்டு போவது. இங்கே அப்படி இல்லை. ராத்திரி வானம் தெளிவாக இருந்தால் தரை தன் சூட்டை மேலே விட்டுவிட்டுக் குளிர்கிறது. தரையை ஒட்டிய ஈரக்காற்றும் கூடவே குளிர்ந்து அந்த இடத்திலேயே பனியாகிறது. அதனால் நம் பனி கீழிருந்து மேலே வளரும். சில நாள் முழங்கால் அளவு, சில நாள் இடுப்பளவு, பலமாக இறங்கினால் தென்னை உயரம். அதற்குள்ளேயே நின்றுகொண்டு எடுத்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே வெள்ளைதான். படம் 1-இல் நடந்தது அதுதான். வரப்பில் நின்று, 18-இல் விரித்துப் பிடித்து, முன்னால் பத்தடி நெல்லும் அதற்கப்புறம் ஒன்றுமில்லாததும் கிடைத்திருக்கிறது.

கொஞ்சம் ஏறினால் போதும், ட்ரோன் உயரம் தேவையே இல்லை. கொள்ளிடக் கரை, ஆற்றுப் பாலம், தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடி, இதில் எதுவானாலும் சரி. கண் பனிக்கு மேலே வந்துவிட்டால் அதே வயல் வேறு இடமாகிவிடும். மரத்தின் அடிப்பாகம் காணாமல் போய் தலை மட்டும் நிற்கும். படம் 4-ஐ நீங்கள் கரையிலிருந்து எடுத்ததால்தான் அதில் மூங்கில், அதற்குப் பின்னால் இன்னொரு மூங்கில், அப்புறம் கோபுரம் என்று மூன்று தட்டு வந்திருக்கிறது. ஃபோகஸ் போனாலும் நான்கில் அதுதான் சரியான இடத்தில் நின்று எடுத்த படம்.

(மின்மினி ட்ரோன் சொன்னதால் ஒரு வார்த்தை. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகளின்படி சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. எந்த இடம் எந்த மண்டலம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் யாரும் மேலே ஏற்றிவிடாதீர்கள்.)

இப்போது படம் 2. இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். கரையில் நின்ற கம்பங்களை அழித்திருக்கிறீர்கள், வாய்க்கால் தண்ணீரில் விழுந்த கம்பத்தை விட்டுவிட்டீர்கள். இடது கீழ் மூலையில் ஆகாயத்தாமரை ஒதுங்கிய இடத்துக்குச் சற்று மேலே பெரிதாக்கிப் பாருங்கள். கரை வெறுமையாக இருக்கிறது. தண்ணீரில் மட்டும் கறுப்பாக ஒரு கம்பம் தலைகீழாக, குறுக்குச் சட்டமும் வெள்ளைப் பீங்கானும் உட்பட லேசாக நெளிந்துகொண்டு நிற்கிறது.

இதைக் கேலி செய்யச் சொல்லவில்லை. அந்தக் கம்பங்கள்தான் உங்கள் மலைமுகடுகள். ஒரே உயரம், ஒரே உருவம், ஏறக்குறைய ஒரே இடைவெளி. முதல் கம்பம் கறுப்பு, அடுத்தது கரும்சாம்பல், அதற்கடுத்தது வெளிறி, அப்புறம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற மாதிரி ஒரு கோடு. ஒரே பொருள் தூரம் போகப் போக எவ்வளவு வெளுக்கிறது என்று கண் ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் பனியின் ஆழம் தெரியும். கம்பங்களை எடுத்துவிட்டதால் முன்னால் சாலை, கடைசியில் பனைமரம், நடுவே வெறும் வெள்ளை. பனைமரம் நூறடியில் இருக்கிறதா, அரை மைலில் இருக்கிறதா என்றே சொல்ல முடியவில்லை. மூலக் கோப்பு இருக்கிறதல்லவா? கம்பங்களோடு அதைப் போடுங்கள். கம்பம் இல்லாத இடத்தில் பனை வரிசை, மதகு, வைக்கோல் போர், களத்துமேட்டில் அடுக்கிய நெல் மூட்டை என்று எது திரும்பத் திரும்ப வருகிறதோ அதைப் பிடியுங்கள்.

படம் 1-இன் சாம்பலுக்குக் காரணம் கேமராவின் மீட்டர். எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கணக்குப் போடும். கல்யாண வீட்டில் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியோடு பத்துப் பேரை நிறுத்தினாலும் இதே கதைதான். உங்கள் 1500டியில் பின்பக்கம் ஏவி என்று எழுதிய பட்டனை அழுத்திக்கொண்டு மேலே உள்ள சக்கரத்தைத் திருப்பினால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன், அதாவது மீட்டர் போட்ட கணக்குக்கு மேல் நாம் கூட்டிக் குறைக்கிற வெளிச்சம், மாறும். பனிக்கு கூட்டல் ஒன்றில் ஆரம்பியுங்கள். அடர்ந்த பனி என்றால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம், சூரியன் சட்டத்துக்குள் வந்துவிட்டால் குறைத்துக்கொள்ளுங்கள். ஹிஸ்டோகிராமில் (இடப்பக்கம் கறுப்பு, வலப்பக்கம் வெள்ளை என்று கேமரா காட்டும் வரைபடம்) மேடு வலப்பக்கம் நகர வேண்டும், ஆனால் சுவரில் போய் முட்டக் கூடாது. பனியின் வெள்ளைக்கும் காகிதத்தின் வெள்ளைக்கும் ஒரு மயிரிழையாவது வித்தியாசம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரிண்ட் போடும்போது படத்தின் ஓரம் எது, மார்ஜின் எது என்று தெரியாது. ஸ்டுடியோவில் இதற்காகவே பிரிண்டைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் வைக்காதீர்கள். விடிவதற்கு முன் பனி நீலம், உதித்த பிறகு லேசான பொன். ஆட்டோ இரண்டையும் நியாயம் பேசி நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிடும். டேலைட்டில் நிறுத்திவிட்டு, கேமரா எதையும் திருத்தாமல் சேமிக்கிற ரா கோப்பில் எடுங்கள், வேண்டுமானால் வீட்டில் மாற்றிக்கொள்ளலாம்.

படம் 3-இல் எனக்கு இரண்டு ஆட்சேபம். டீஹேஸ் என்ற பெயரே சொல்கிறது, மூட்டத்தை எடுக்கிற கருவி அது. பனியைத் தேடிக் குளிரில் போய்விட்டு வீட்டுக்கு வந்து அதை 45 அளவுக்குத் துடைத்திருக்கிறீர்கள். தென்னை மட்டைகளின் ஓரத்தில் வெள்ளைக் கோடு ஓடுகிறது பாருங்கள், அது கிளாரிட்டியின் வேலை. ஃபிலிம் காலத்திலும் இந்த ஆசை இருந்தது. பனிப் பட நெகட்டிவ் சப்பென்று இருக்கும், உடனே ஹார்டு பேப்பரில் போட்டு அழுத்தம் ஏற்றுவார்கள். நான் சாதாரணப் பேப்பரிலேயே போட்டுவிட்டு, முன்னால் உள்ள ஒரே ஒரு கறுப்பு மட்டும் நன்றாகக் கறுப்பாக இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு நல்ல கறுப்பு இருந்துவிட்டால் மற்றதெல்லாம் மங்கலாக இருப்பதைக் கண் ஏற்றுக்கொள்ளும். நீங்களும் மொத்தப் படத்துக்கும் அழுத்தம் ஏற்றாமல் கறுப்பை மட்டும் கொஞ்சம் கீழே இழுத்துப் பாருங்கள்.

இன்னொரு ஆட்சேபம், அது பனியே அல்ல என்று நினைக்கிறேன். புகை. தோப்புக்குள் யாரோ மட்டையும் சருகும் கூட்டிக் கொளுத்தியிருக்கிறார்கள். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது, எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரியும். புகைத் துகள் பொடி. கறுத்த மரத்துக்கு முன்னால் நீலம் பாய்ந்தும், வெளிச்சத்துக்கு எதிரே பழுப்பாகவும் தெரியும். உங்கள் படத்தில் வலது பக்க அடிமரங்களுக்கு முன்னால் அந்த நீலம் இருக்கிறது. புகையில் எடுப்பது குற்றமில்லை, கதிர் நன்றாகத்தான் விழுந்திருக்கிறது. ஆனால் ஆரஞ்சு கூட்டினதும் பழுப்பு துருவாகிவிட்டது. போகியன்று எடுக்கிற படங்களிலும் இதே பிரச்சினை வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஃபோகஸ் விஷயம் சுலபம். லென்ஸுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு வேண்டும், பனியில் அது கிடைக்காமல்தான் அலைகிறது. நடுப் புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு பக்கத்து மூங்கிலின் கறுத்த ஓரத்தில் பிடியுங்கள். அதுவும் ஆகாவிட்டால் லென்ஸில் உள்ள பொத்தானை எம்எஃப்-க்குத் தள்ளி, பின்பக்கத் திரையில் பார்க்கிற லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கிக் கையால் திருப்புங்கள். ஸ்டாண்டில்தானே நிற்கிறது, அவசரமே இல்லை. ஒருமுறை வைத்துவிட்டால் இடம் மாறும் வரை தொட வேண்டாம்.

திசை ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். சூரியனை முதுகில் வைத்து எடுத்தால் பனி சுண்ணாம்பு அடித்த மாதிரி தட்டையாகிவிடும். எதிர்வெளிச்சத்தில்தான் அது ஒளிரும். இந்த மாதங்களில் சூரியன் நேர்க் கிழக்கில் வராது, இருபது டிகிரிக்கு மேல் தெற்கே தள்ளி உதிக்கும். பொங்கல் சமயத்தில் நம் பக்கம் உதயம் ஆறு முப்பத்தைந்து வாக்கில். கரையில் இடம் பார்க்கும்போது தென்கிழக்கை நோக்கி என்ன இருக்கிறது என்று முந்தின நாள் சாயங்காலமே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பனி பல நாள் உதயத்துக்குக் கொஞ்சம் பிறகுதான் இன்னும் கெட்டியாகும், விடிந்துவிட்டது என்று ஆறே முக்காலுக்கு மூட்டை கட்டிவிடாதீர்கள்.


தாளடி எழுதியது:

எனக்குக் கேமரா தெரியாது. மகள் இந்தப் பக்கத்தைக் காட்டினாள். படம் 1-இல் இருப்பது ஆந்திரா பொன்னி ரக நெல் என்று நினைக்கிறேன். வயல்காரனாக நாலு வார்த்தை.

என்றைக்குப் பனி இறங்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். மழை விட்டு வானம் வெளுத்த முதல் இரவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தரையில் ஈரம் இருக்க வேண்டும், வானத்தில் மேகம் இருக்கக் கூடாது, காற்று அசையக் கூடாது. ராத்திரி பத்து மணிக்கு வாசலில் வந்து நில்லுங்கள். நட்சத்திரம் பளிச்சென்று இருந்து, வெளியில் நிற்கிற வண்டி சீட்டைத் தடவினால் கை நனைந்தால் காலையில் பனி நிச்சயம் என்று பாதிக்கு மேல் சொல்லிவிடலாம். மேகம் மூடிய இரவில் எவ்வளவு குளிரடித்தாலும் பனி வராது. அலாரம் வைக்காமல் தூங்குங்கள்.

இடம் என்று பார்த்தால், அறுப்புக்குத் தண்ணீர் வடித்த சம்பா வயலைவிட, குறுவை அறுத்த பிறகு நட்டு இன்னும் தண்ணீர் நிற்கிற தாளடி வயல் பக்கம் பனி கனமாக இருக்கும். ஆற்றுக்குப் போவதென்றால் சீக்கிரம் போங்கள். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது. மூடிய பிறகு வெண்ணாறு, வெட்டாறெல்லாம் நாளுக்கு நாள் வற்றி மணல் தெரிய ஆரம்பித்துவிடும். ஓடுகிற தண்ணீர் மேல் ஆவி மாதிரி எழும்புமே, அது அப்புறம் கிடைக்காது. தை முழுக்கப் பனி இருக்கும், தண்ணீர் இருக்காது.

இன்னொன்று, இதைக் கோபமாகவே சொல்கிறேன். உங்கள் முதல் படத்தில் வரப்பை விட்டு வயலுக்குள் இறங்கிய கால்தடம் தெரிகிறது. உங்களுடையதா, முன்னால் வந்தவருடையதா எனக்குத் தெரியாது. அறுப்புக்கு ஏழெட்டு நாள் முன்னால் நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்து, பயறு தெளித்துவிடுவோம். மேலே பார்த்தால் நெல் மட்டும்தான் தெரியும், கீழே சேற்றில் உளுந்து முளை விட்டிருக்கும். ஒரு ஆள் படத்துக்காக நாலடி உள்ளே போய்வந்தால் அந்த நாலடி போச்சு. வரப்பிலேயே நில்லுங்கள். வரப்பிலும் வெறும் செருப்போடு நடக்காதீர்கள். இந்தக் குளிர் மாதங்களில் கண்ணாடி விரியன் நடமாட்டம் அதிகம். பனியில் காலடி தெரியாது. கையில் டார்ச், காலில் பூட்ஸ் இல்லாமல் இறங்க வேண்டாம்.

உங்களுக்கெல்லாம் பனி அழகு. எங்களுக்கு இந்தப் பனி இலையில் நின்றால் பயிருக்குக் குலைநோய் வரும் என்ற பயம். ஆந்திரா பொன்னிக்கு அது சட்டென்று பிடிக்கும். அறுத்துக் கொட்டிய பிறகும் விடாது. கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பார்கள். பகலெல்லாம் காயவைத்த நெல்லை ராத்திரி பனியில் நனையாமல் தார்ப்பாய் போட்டு மூடி, பக்கத்திலேயே போர்வையைச் சுற்றிக்கொண்டு ஆள் படுத்திருப்பார். சாலையோரம் நீளத்துக்கு நெல் குவியலும் தார்ப்பாயும் ஆளும் கிடக்கிறதே, அதை யாரும் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். கேட்டுவிட்டு எடுங்கள், எழுந்து உட்கார்ந்து டீயும் வாங்கித் தரச் சொல்வார்.


வெட்டாறு எழுதியது:

டார்க்ரூம் சார், தாளடி ஐயா, ரொம்ப நன்றி. கால்தடம் என்னுடையது இல்லை ஐயா, நான் வரப்பில்தான் நின்றேன். ஆனாலும் உளுந்து விஷயம் ஆலையில் வேலை பார்க்கிற எனக்கே புதிது. அரிசியாகி வந்த பிறகுதானே நான் பார்க்கிறேன்.

சார், தண்ணீரில் கம்பம் தெரிவதை நீங்கள் சொல்லித்தான் பார்த்தேன். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தோம். மூலப் படத்தை இத்துடன் போட்டிருக்கிறேன், படம் 2அ. கம்பங்கள் எண்ணினால் ஆறு தெரிகின்றன, ஆறாவது எனக்குத் தெரிகிறது, தங்கைக்குத் தெரியவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். கரையில் ஸ்டாண்ட் போட்டு நின்றால் கொஞ்ச நேரத்தில் லென்ஸ் கண்ணாடி மேலேயே பனி பிடித்துவிடுகிறது. துடைத்தால் திரும்பவும் பிடிக்கிறது. என்ன செய்வது? அப்புறம், கம்பம் சரி, அவற்றுக்கு இடையே தொங்குகிற கம்பிகளையாவது எடுக்கலாமா?


மின்மினி எழுதியது:

டார்க்ரூம் சார் சொல்வதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். கம்பம் இருக்கட்டும். 2அ-வில் தூரம் தெரிகிறது, உண்மைதான். ஆனால் கம்பி படத்தின் மேல்பகுதியைக் கோடு கோடாக வெட்டுகிறது. கண் பனைமரத்துக்குப் போகாமல் கம்பியிலேயே மேய்கிறது. அதை எடுப்பதில் என்ன தப்பு? போட்டிக்கு அனுப்பினால் விதி வேறு, வீட்டில் மாட்டுகிற படத்துக்கு யார் கேட்கப் போகிறார்கள்? டீஹேஸ் பற்றியும் அவ்வளவு கடுமை வேண்டாம் சார். மொத்தமாகப் போடாமல் முன்னால் உள்ள பொருளுக்கு மட்டும் மாஸ்க் போட்டு ஐந்து, பத்து கொடுத்தால் நீங்கள் சொன்ன அந்த ஒரு கறுப்பு அழகாக வருகிறது. நான் அப்படித்தான் செய்கிறேன்.


பழைய டார்க்ரூம் எழுதியது:

மாஸ்க் போட்டு முன்பொருளுக்கு மட்டும் கொடுப்பது நல்ல யோசனை, எடுத்துக்கொள்கிறேன். டார்க்ரூமில் கையை விரித்து வெளிச்சத்தை மறைத்து ஓர் இடத்தை மட்டும் வெளுக்க வைப்போம், கறுக்க வைப்போம். அதே வேலைதான்.

கம்பி விஷயத்தில் ஒப்புக்கொள்ள மாட்டேன். கம்பி இல்லாமல் கம்பம் மட்டும் நின்றால் பார்க்கிறவர் அது என்னவென்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார், உங்கள் பனைமரத்துக்குக் கடைசி வரை போகவே மாட்டார். 2அ-வில் முதல் கம்பிக்குக் கீழே உள்ள தொய்வைப் பாருங்கள். கறுப்பாக ஆரம்பித்து மூன்றாவது கம்பத்துக்குள் நூலாகி மறைந்துவிடுகிறது. அந்த மறைவு படத்துக்கு வேண்டும். உறுத்துவது மேல் ஓரத்தில் தனியாக ஓடுகிற ஒற்றைக் கம்பிதான், அது பக்கத்து வீட்டுக்குப் போகிற இணைப்பு. அழிக்கவே வேண்டாம், மேலே ஒரு விரல்கடை வெட்டினால் அதுவே போய்விடும். வெட்டும்போது வலது பக்கமும் கொஞ்சம் சேர்த்து வெட்டுங்கள். பனைமரம் இப்போது நட்டநடுவில் நிற்கிறது, ஓரமாக ஒதுங்கினால் கம்ப வரிசை அதை நோக்கிப் போகிற ஓட்டம் கூடும்.

லென்ஸில் பனி பிடிப்பதற்கு இரண்டு காரணம் உண்டு. ஏசி அறையில் கேமராவை வைத்துவிட்டு நேராக வெளியே எடுத்து வந்தால் குளிர்ந்த கண்ணாடியில் வெளி ஈரம் படியும். உங்களுக்கு அது இல்லை என்று நினைக்கிறேன், இருந்தால் ராத்திரியே பையோடு கூடத்தில் வைத்துவிடுங்கள். இரண்டாவது, திறந்த வானத்துக்குக் கீழே நிற்கிற எந்தப் பொருளும் சூட்டை மேலே விட்டுக் குளிரும். தாளடி ஐயா சொன்ன வண்டி சீட்டு நனைகிற அதே கணக்குத்தான். அதனால் லென்ஸ் முன்னால் மாட்டுகிற ஹுட் என்ற வளையத்தைக் கட்டாயம் போடுங்கள், வெயிலுக்கு என்று நினைக்காதீர்கள். படம் எடுக்காத நேரம் மூடி போட்டு வையுங்கள். லென்ஸைச் சுற்றி ஒரு கம்பளித் துணி, மஃப்ளர் சுற்றிவைத்தால் கண்ணாடி சீக்கிரம் குளிராது. பிடித்துவிட்டால் சட்டை நுனியால் தேய்க்காமல் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். வாயால் ஊதினால் இன்னும் பிடிக்கும். கரையில் நின்றுகொண்டு லென்ஸை மட்டும் மாற்றாதீர்கள். 55-250-ஐ வீட்டிலேயே மாட்டிக்கொண்டு போங்கள், டெல்டாவில் பனிக்கு 18-55 எனக்கு அதிகம் தேவைப்பட்டதில்லை. நீள லென்ஸ் தூரத்துத் தட்டுகளை ஒன்றோடொன்று நெருக்கிக் காட்டும். மலை இல்லாத ஊரில் அந்த உதவி வேண்டியிருக்கிறது.

தாளடி ஐயா சொன்ன நெல் குவியல் படத்தை யாராவது எடுத்தே ஆக வேண்டும். குவியல்கள் வரிசையாக இருக்கும், தார்ப்பாய் கறுப்பு அல்லது நீலம், முன்னால் உள்ளது அழுத்தமாக, போகப் போக வெளுத்து. நான் இவ்வளவு நேரம் கம்பத்தை வைத்துச் சொன்னதை அவர் ஒரே வரியில் காட்டிவிட்டார். சாலையோரம் ஸ்டாண்ட் போடும்போது வண்டி வருவதைப் பார்த்துக்கொள்ளுங்கள், பனியில் லாரிக்காரருக்கு உங்களைத் தெரியாது. ஒளிரும் பட்டை வைத்த சட்டை ஒன்று போட்டுக்கொண்டால் நல்லது. ரயில் பாதைப் பக்கம் போகவே வேண்டாம்.

கொள்ளிடக் கரைக்கு மறுபடி போகும்போது அணைக்கரை வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். 1830களில் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை. அணைக்கு மேற்புறம் தேங்கிய தண்ணீர் அகலமாக நிற்கும், காற்றில்லாத நாளில் அதன் மேல் பனி மெல்லிய தகடாகப் படுத்திருக்கும். நத்தைகுத்தி நாரைகள் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

2அ-வின் ரா கோப்பை எங்காவது ஏற்றிச் சுட்டி கொடுங்கள். ஜேபெக் வேண்டாம், அதில் ஆறாவது கம்பம் எனக்கும் தெரியவில்லை.